சிக்னல் செயலி: உளவு அமைப்புகளின் முன் எதுவரை தாங்கும்?

சிக்னல் என்பது அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்கும்படி செய்திகளைக் குறியாக்கம் செய்து அனுப்பும் செயலி. 2016இல் அமெரிக்க கிராண்ட் ஜூரி (குற்ற வழக்குகளை விசாரிக்கும் குடிமக்கள் குழு) ஒன்று பயனர் விவரம் கேட்டபோது சிக்னலால் கொடுக்க முடிந்தவை இரண்டே: கணக்கு தொடங்கிய நேரம், கடைசியாக இணைந்த நாள். மற்றதைச் சேமித்தே வைப்பதில்லை. சேமிக்காததை எந்த ஆணையும் பிடுங்க முடியாது. இந்தச் செயலியின் பெரிய பலம் இதுதான்.

ஆனால் நிறுவியதோடு விட்டுவிடாதீர்கள். தனியுரிமை அமைப்பில் 'எண்ணை வைத்து என்னைக் கண்டறியலாம்' என்பதை 'யாரும் இல்லை' என மாற்றுங்கள். முக்கியமானவர்களுடன், நடுவில் யாரும் ஒட்டுக்கேட்கவில்லை என உறுதிசெய்ய ஒவ்வொரு உரையாடலுக்கும் செயலி காட்டும் 60 இலக்கப் பாதுகாப்பு எண்ணை நேரில் ஒப்பிடுங்கள். தானாக அழியும் 'மறையும் செய்திகளுக்கு' ஒரு வாரக் கெடு போதும். மறுபடி பதிவு செய்ய உங்கள் பின் எண்ணைக் கேட்கும் 'பதிவுப் பூட்டு' போடாவிட்டால், சிம்மைக் கைப்பற்றுபவர் உங்கள் பெயரில் மறுபடி பதிவு செய்யலாம். 'இணைத்த சாதனங்கள்' பட்டியலை அடிக்கடி பாருங்கள். போலி கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்யவைத்துத் தங்கள் கணினியை ரகசியமாக இணைத்துவிடுவது உளவாளிகளின் எளிய வழி.

பதிவுக்கு தொலைபேசி எண் கட்டாயம் என்பது உண்மையான குறை. பெகாசஸ் போன்ற உளவு மென்பொருள் போனுக்குள் நுழைந்துவிட்டால் குறியாக்கம் உதவாது, திரையில் தெரிவதையே அது படித்துவிடும். அங்கே உங்களைக் காக்க வேண்டியது சட்டம்: நீதிபதி முன்கூட்டியே அனுமதித்தால்தான், குறிப்பிட்ட நபரை, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் உளவு பார்க்கலாம் என்று அது கட்டுப்படுத்த வேண்டும்.