பால்கன் மலைகளில் மூன்று கோடை ஓடிய சைக்கிள்

மூன்று கோடை, ஒரே சைக்கிள், 4,000 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். போஸ்னியா, மாண்டெநெக்ரோ, அல்பேனியா, வடக்கு மாசிடோனியா. குறைந்த செலவில் பால்கன் சுற்ற என்ன வழி என்று கேட்பவர்களிடம், முதலில் உங்கள் சைக்கிளின் கியரைப் பாருங்கள் என்றுதான் சொல்கிறேன்.

கடலோரத்தில் அறை வாடகை அதிகம். பஸ்களும் லாரிகளும் தோளை உரசுவதுபோலப் போகும். மலைக்குள் ஏறிவிட்டால் வாடகை பாதியாகிவிடும், சாலையும் காலியாக இருக்கும். ஆனால் ஏற வேண்டுமே! என் சைக்கிளில் முன்னால் இருக்கும் சின்னப் பல்சக்கரத்துக்கு 22 பல், பின்னால் பெரியதற்கு 34. முன்னது சின்னதாகவும் பின்னது பெரியதாகவும் இருந்தால் ஏற்றத்தில் மிதிப்பது எளிது. மாண்டெநெக்ரோவின் கடலோர ஊரான கோட்டோரிலிருந்து மலைமேல் உள்ள நியெகுஷிக்கு ஏறும் பழைய சாலையில் எண் போட்ட 25 கொண்டை ஊசி வளைவுகள். கடலை விட்டுக் கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரம். இருபது கிலோ மூட்டையோடு நடை வேகத்தில்தான் போனேன், ஆனால் ஓரிடத்திலும் இறங்கித் தள்ளவில்லை.

முதல்முறை போகிறவர்கள் போஸ்னியாவின் மோஸ்டாரிலிருந்து குரோவேஷியாவின் டுப்ரோவ்னிக் போகும் சிரோ பாதையில் தொடங்கலாம். ஆஸ்திரிய-ஹங்கேரி ஆட்சியில் 1901-இல் திறந்து, 1976-இல் நின்றுபோன குறுகிய ரயில்பாதை அது. நீராவி எஞ்சினுக்காகப் போட்ட வழி என்பதால் ஏற்றம் காலுக்கு இதமாக இருக்கும். ஜல்லி நிறைய, 40 மில்லிமீட்டர் டயராவது வேண்டும். சுரங்கங்கள் கும்மிருட்டு, நல்ல விளக்கு இல்லாமல் நுழையாதீர்கள். போபோவோ சமவெளியில் நிழலும் குடிதண்ணீரும் அரிது, மூன்று லிட்டர் கையில் இருக்கட்டும். 1990-களின் போரில் புதைத்த கண்ணிவெடிகளுக்கான எச்சரிக்கைப் பலகைகளை வழியில் பார்ப்பீர்கள். ஒதுங்குவதற்குக்கூடப் பாதையை விட்டு இறங்க வேண்டாம்.

சாப்பாட்டுக்குப் பேக்கரிதான். போஸ்னியாவில் புரெக் (மெல்லிய மாவுக்குள் பூரணம் வைத்துச் சுட்ட பண்டம்) என்று கேட்டால் இறைச்சி வைத்ததுதான் வரும். சைவம் என்றால் சீஸ் வைத்த சிர்னிட்சா, கீரை வைத்த ஸெல்யானிட்சா, உருளைக்கிழங்கு வைத்த க்ரொம்பிருஷா என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். கூட ஒரு டம்ளர் தயிர். மதியம் வரை பசிக்காது. அறையும் சேர்த்து எனக்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 35 யூரோ ஆனது. சின்ன ஊர்களில் கார்டு எடுக்க மாட்டார்கள், ரொக்கம் வேண்டும்.

இனி, எது தாங்கியது, எது தாங்கவில்லை? ஸ்டீல் ஃபிரேமுக்கு ஒன்றும் ஆகவில்லை. பஞ்சர் இரண்டே. செயின் இரண்டு முறை மாற்றினேன். இறக்கங்கள் பிரேக் கட்டைகளைத் தின்றுவிடும், கூடுதலாக ஒரு ஜோடி எடுத்துப் போங்கள். ஏமாற்றியது அலுமினியக் கேரியர்தான்.

இரண்டாம் கோடையில், அல்பேனியாவின் லெஸ்கோவிக்கிலிருந்து எர்செகே போகும் உடைந்த சாலையில் கேரியரின் ஒரு காலில் விரிசல் விட்டுவிட்டது. எர்செகேயில் டிராக்டர் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றுக்குத் தள்ளிக்கொண்டு போனேன். பெரியவர் நகத்தால் தட்டிப் பார்த்து, "அலுமின்" என்றார். வெல்டிங் பிடிக்குமா என்று சைகையில் கேட்டேன். தலையை மேலும் கீழும் ஆட்டினார். நிம்மதியாக மூச்சு விட்டேன். அந்த ஊர் வழக்கத்தில் அதற்கு 'முடியாது' என்று பொருள் என்பது, அவர் வெல்டிங் பக்கமே போகாதபோதுதான் புரிந்தது. ஓர் இரும்புப் பட்டையை அளந்து அறுத்தார். விரிசலுக்கு இருபுறமும் வைத்து, ஹோஸ் கிளிப் நான்கு போட்டு முறுக்கினார். புத்தூர்க் கட்டேதான். பணம் நீட்டினேன், நெஞ்சில் கை வைத்து மறுத்துவிட்டார். ஓஹ்ரிட் ஏரி வரை அந்தக் கட்டு அசையவில்லை. அப்புறம் ஸ்டீல் கேரியர் வாங்கிவிட்டேன். அது விரிசல் விட்டால் எந்த ஊர்ப் பட்டறையிலும் வெல்டிங் வைத்துக்கொள்ளலாம்.

இந்தியப் பாஸ்போர்ட்காரர்களுக்கு ஒன்று. குரோவேஷியா 2023 தொடக்கத்திலிருந்து ஷெங்கனுக்குள் (ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டம்) இருக்கிறது, போஸ்னியா இல்லை. சிரோ பாதை இந்த இரண்டு நாடுகளின் வழியாகவும் போகிறது. அதனால் பலமுறை நுழையும் விசாவாகக் கேட்டு வாங்குங்கள். விதிகள் மாறும், கிளம்பும் முன் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது அல்பேனியாவின் லொகாரா கணவாய். 2024-இல் கீழே சுரங்கப்பாதை திறந்ததால் கார்கள் அதற்குள் போகின்றன, 1,000 மீட்டருக்கு மேல் ஏறும் பழைய சாலை சைக்கிள்காரர்களுக்கு மிஞ்சியிருக்கிறது. பின் டயரை மாற்றிவிட்டேன். 22 பல் சக்கரம் அப்படியே இருக்கிறது.