பழைய விண்ட்சர்ஃப் செட்டும் ஒரு ஸ்க்ரூவும்: மூணு வருஷ அனுபவம்

போன வாரம் மூணாவது தடவையா என் விண்ட்சர்ஃப் போர்டை, அதான் பாய் கட்டி நின்னுக்கிட்டே தண்ணியில ஓட்டுற பலகையை, ரிப்பேர் பண்ணி முடிச்சேன். கையில இன்னும் எபொக்சி பசை காஞ்சு ஒட்டிக்கிட்டு கெடக்கு, அந்த நேரம் பார்த்து நுவரெலியாவுல இருக்கிற கூட்டாளி ஒருத்தன் போட்டோ அனுப்பி "மச்சான், இந்த செட்டு ஒரு லட்சத்துப் பத்தாயிரம் சொல்றாங்க, எடுக்கவா"ன்னு கேட்டான். அவனுக்கு பதில் எழுதப் போய் அது கொடி மாதிரி நீண்டுக்கிட்டே போச்சு, சரி எல்லாருக்குமா எழுதிடுவோம்னு உக்காந்துட்டேன். லிட்டர், மீட்டர் கணக்கெல்லாம் தேடிப் பார்த்துட்டுத்தான் எல்லாரும் வாங்க வர்றாங்க, அதனால அதுல ரொம்ப நேரம் நிக்கல. நான் சொல்ல வந்தது ஒரு ஸ்க்ரூவைப் பத்தி.

என் கதை சுருக்கமா. பெந்தோட்டைப் பக்கம் ஒரு ஹோட்டல்ல ரெண்டு வருஷம் வேலை செஞ்சேன், டியூட்டி முடிஞ்சா அங்க ஆத்துல வாட்டர் ஸ்போர்ட்ஸ் பசங்களோட சேந்து விழுந்து எந்திரிச்சு கொஞ்சம் பழகுனேன். வீட்டு நெலமைக்கு, ஹட்டன் பக்கம் காசல்ரீ நீர்த்தேக்கத்துக்கிட்ட இருக்கிற ஊருக்கே திரும்பி வந்துட்டேன். அப்பறம் ஒரு நாள் வேற ஒரு எடத்துல பழைய சாமானை எல்லாம் விக்கிறாங்கன்னு கேள்விப்பட்டு எண்பத்தஞ்சாயிரம் குடுத்து மொத்தமா தூக்கிட்டு வந்தேன். 190 லிட்டர் போர்டு, அகலம் 85 சென்டிமீட்டர், நடுவுல தண்ணிக்குள்ள எறக்குற பலகை, அதான் டேகர்போர்டு, 430 சென்டிமீட்டர் மாஸ்ட் (பாய் கட்டுற கம்பு) ஒண்ணு, செயில் (பாய்) ரெண்டு, 4.5 சதுர மீட்டரும் 5.5ம், கையால புடிச்சுக்கிற பூம் ஒண்ணு. நான் 62 கிலோ, கத்துக்குட்டிக்கு உடம்பு எடையோட கொறைஞ்சது நூறைக் கூட்டுனா வர்ற லிட்டர் இருந்தா நிம்மதின்னு பசங்க சொல்லிக் குடுத்திருந்தாங்க, அந்தக் கணக்குக்கு இது தாராளம்.

கொழும்புக்கு மரக்கறி எறக்கிட்டு வெறும் லொறியா திரும்புற அண்ணன் ஒருத்தரைப் புடிச்சு, படங்கு (தார்ப்பாய்) சுத்தி, அவிசாவளை, கித்துல்கல, கினிகத்தேனைன்னு ஏத்திக்கிட்டு வந்தேன். வழியில டீ குடிக்க நிப்பாட்டுன கடையில முறுக்கு பாக்கெட் எல்லாம் பலூன் மாதிரி ஊதிக்கிட்டு தொங்குது. நம்ம ஊர்ல பொறந்த எல்லாருக்கும் தெரிஞ்ச சங்கதிதானே, கீழ கட்டுன பாக்கெட் மேல வந்தா உப்பும். அதைப் பாத்துக்கிட்டே ரெண்டு பனிஸ் சாப்புட்டேன். பின்னால லொறியில அதே மாதிரி ஒரு பெரிய பாக்கெட் படுத்துருக்குன்னு மண்டைக்கு ஏறவே இல்ல.

காலையில படங்கைப் பிரிச்சா மாஸ்ட் மாட்டுற எடத்துக்குப் பின்னால தோசை சைஸுக்கு ஒரு வீக்கம். கட்டை விரலால அமுக்குனா உள்ள போய் வெளிய வருது. மத்த எடத்துல தட்டுனா டொக் டொக்னு கேக்குது, அங்க மட்டும் பொத்து பொத்துன்னு.

போர்டுக்குள்ள இருக்கிறது நம்ம ரெஜிபோம் (தெர்மோகோல்) மாதிரி சாமான்தான், அதுல காத்து நெறைஞ்சிருக்கும். மேல எபொக்சியும் ஃபைபருமா ஓடு. அந்த ஓட்டுல சின்னதா ஒரு ஓட்டை, அதுக்கு ஒரு ஸ்க்ரூ, ஸ்க்ரூவுக்கு ஒரு ரப்பர் ரிங். வெண்ட் ஸ்க்ரூன்னு பேரு. பிளேன்ல ஏத்துனாலோ மலை ஏத்துனாலோ அதைத் தொறந்து வைக்கணும், இல்லாட்டி உள்ள இருக்கிற காத்து வெளிய போக வழியில்லாம தள்ளி மேல இருக்கிற ஓடு உப்பிரும். காசல்ரீ கடல் மட்டத்துலருந்து சுமார் 1,100 மீட்டர், கடற்கரையை விட இங்க காத்தழுத்தம் எட்டுல ஒரு பங்கு கொறவு. எட்டுல ஒண்ணுதானேன்னு நெனைக்காதீங்க, கணக்குப் போட்டுப் பாத்தேன், ஒரு சதுர அடிக்கு நூறு கிலோவுக்கு மேல தள்ளுது. பழைய போர்டுல எங்கயாவது ஒட்டு லேசா விட்டிருந்தா அங்க பிச்சுக்கிட்டு வந்துரும். வித்தவர் இதை ஒரு வார்த்தை சொல்லல. அவர்மேல கோவப்பட்டும் பிரயோசனம் இல்ல, கடல் ஓரத்துலயே இருக்கிறவருக்கு அந்த ஸ்க்ரூவைத் தொறக்க வேண்டிய தேவையே வந்துருக்காது. ஆனாலும் கோவம் வந்துச்சு, இப்பவும் வருது.

ரிப்பேருக்கு ஹட்டன்ல பஸ் பஃபர் ஒட்டுற ஃபைபர் பாஸ் ஒருத்தர்கிட்ட கொண்டு போனேன். நல்ல மனுசன், ஆனா அவர்கிட்ட இருக்கிறது பொலியெஸ்டர் ரெசின். கடையில டீவி பெட்டிக்குள்ள வந்த ரெஜிபோம் துண்டு ஒண்ணு கெடந்துச்சு, "பாஸ் அண்ணே இதுல ஒரு சொட்டு விட்டுப் பாருங்க"ன்னேன். விட்டாரு. சக்கரையில சுடுதண்ணி ஊத்துன மாதிரி குழி விழுந்து கரைஞ்சு போச்சு. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டோம். போர்டுக்குள்ள அதை ஊத்தியிருந்தா எண்பத்தஞ்சாயிரமும் அன்னைக்கே கரைஞ்சிருக்கும். எபொக்சி மட்டும்தான் இதுக்கு ஆகும், கொழும்புலருந்து சொல்லித்தான் எடுத்தோம். வீக்கத்துல சின்னச் சின்ன ஓட்டை போட்டு ஊசி மருந்து ஏத்துற சிரிஞ்சால உள்ள தள்ளி, பொலித்தீன் விரிச்சு, மேல 25 கிலோ அரிசி மூட்டை ரெண்டை வச்சு அமுக்கி விட்டேன். நம்ம குளிருக்கு எபொக்சி லேசுல எறுகாது, ரெண்டு நாள் மூட்டையை எடுக்க வேணாம்னு சொல்லியிருந்தேன். அம்மா ரெண்டு நாளும் பக்கத்து வீட்டுல அரிசி கடன் வாங்கி சமைச்சு, அதைச் சொல்லிச் சொல்லியே பரிமாறுனாங்க.

இதோட முடிஞ்சிருந்தா நான் ஏன் எழுதுறேன். அதுக்கப்பறம் பயந்துபோய் ஸ்க்ரூவைத் தொறந்தே வச்சிட்டேன், தொறந்தபடியே ஒரு நாள் தண்ணியில எறங்கிட்டேன். ஒண்ணரை மணி நேரம். அன்னைக்கு போர்டு ஏன் இப்படி மந்தமா போகுதுன்னு காத்தைத் திட்டிக்கிட்டு இருந்தேன். கரைக்கு வந்து தூக்குனா தூக்க முடியல. கொழுந்து நெறுக்கிற தராசுல தொங்க விட்டுப் பாத்தா பதினேழரை கிலோ, வாங்கும்போது பதினாலு. மூணரைக் கிலோ தண்ணி குடிச்சிருக்கு. ஸ்க்ரூ ஓட்டை கீழ பாக்குற மாதிரி சாய்ச்சு மூணு வாரம் அடுப்படிப் பக்கம் வச்சோம், சொட்டுச் சொட்டா வந்துச்சு, ஆனா பழைய பதினாலுக்கு அது திரும்பவே இல்ல.

மூணாவது தடவை, அதாவது இப்ப, ஸ்க்ரூ இறுக்கமாத்தான் இருந்துச்சு. ரப்பர் ரிங்தான் காஞ்சு வெடிச்சிருந்திருக்கு. நம்ம மலை வெயிலைப் பத்தி சொல்லவா வேணும், குளிரும் இருக்கும் தோலும் கருகும். மத்தியானம் ஒரு மணி நேரம் போர்டைக் கரையில போட்டா கை வைக்க முடியாத சூடு. அப்படியே தூக்கி ஜில்லுன்னு இருக்கிற தண்ணியில போட்டா உள்ள சூடா இருந்த காத்து சுருங்கும், சுருங்குன காத்து வெளியிலருந்து எதையாவது இழுக்கப் பாக்கும், ரிங் நொந்திருந்தா தண்ணியைத்தான் இழுக்கும். இருபது முப்பது ரூவா ரிங்கு. பைப் சாமான் விக்கிற ஹார்ட்வெயார்லயே அளவுக்குக் கெடைக்குது, இப்ப பத்து வாங்கி பர்ஸ்ல வச்சிருக்கேன். கொஞ்சம் கிரீஸ் தடவிப் போடுங்க. கரையில இருக்கும்போது நெழல்ல போடுங்க, நெழல் இல்லாட்டி படங்கை மேல போடுங்க.

இவ்வளவு திட்டிட்டேன். இனி நேர்மையா நல்லதையும் சொல்லணும்ல.

அந்த டேகர்போர்டு இருக்கே, அதுக்குக் கோயில் கட்டலாம். நம்ம குளம் குட்டையில காத்து ஒரு தெசையில நின்னு அடிக்காது, மலைக்கு மலை மோதி மூலைக்கு மூலை திரும்பும், ஒரு நிமிசம் தள்ளும், அடுத்த நிமிசம் செத்துப் போகும். பின்பக்கம் அடியில மீன் செதில் மாதிரி நிக்கிற பெரிய ஃபின் மட்டும் உள்ள போர்டுல காத்து கொறஞ்சா அப்படியே பக்கவாட்டுல அள்ளிக்கிட்டுப் போயிரும். முதல் மாசம் டேகர்போர்டை எறக்காம ஓட்டிட்டு எதிர்க்கரையில போய் ஒதுங்கி, செட்டைத் தலையில வச்சிக்கிட்டு ரோட்டு வழியா சுத்தி நடந்து வந்துருக்கேன், எத்தனை கிலோமீட்டர்னு கேக்காதீங்க. மேல மலையில கொழுந்து எடுத்துக்கிட்டு இருந்த அக்காமாரு எல்லாம் நின்னு பாத்து "தம்பி, படகு உன்னைத் தூக்கிட்டுப் போகணும், நீ அதைத் தூக்கிட்டுப் போறியே"ன்னு ஒரே சிரிப்பு. டேகர்போர்டை எறக்கிப் பழகுன பின்னால எறங்குன எடத்துக்கே திரும்பி வர்றேன். ஏழெட்டு நாட் (மணிக்கு 13-15 கிலோமீட்டர்) காத்துலயும் எதிர்க்காத்துக்கு ஏறுது. கடற்கரையில பழகுன பசங்க டேகர்போர்டை பாட்டன் காலத்து சாமான்னு சிரிப்பாங்க, சிரிச்சிட்டுப் போகட்டும், இங்க வந்து நடந்து பாக்கட்டும்.

ஆனா மாசி பங்குனியில தண்ணி எறங்குன நேரம் டேகர்போர்டை மேல இழுத்துட்டுத்தான் கரைக்கு வரணும். நம்ம நீர்த்தேக்கம் எல்லாம் ஒரு காலத்துல மனுசர் குடியிருந்த எடம்தானே, காசல்ரீ 1965ல, மவுசாகலை 1960கள் கடைசியில கட்டுனது, கீழ மரக்கட்டையும் மதிலும் கெடக்கும். மவுசாகலையில தண்ணி வத்துனா பழைய மஸ்கெலியா டவுன் கோயிலே தலை காட்டுது. எங்க பெரியம்மா சின்ன வயசுல சாமி கும்புட்ட கோயில் அது. அங்க செயில் போட்டு ஓட்டணும்னு எனக்கு இதுவரைக்கும் மனசு வரல, ஃபின் ஒடைஞ்சிரும்ங்கிறது மட்டும் காரணம் இல்ல.

செயில் பத்தி சீக்கிரமா. பழைய செயில்ல கண்ணாடி மாதிரி இருக்கிற மோனோஃபிலிம் மஞ்சளாகி, மடிச்சா மொறுமொறுன்னு கேட்டா விட்டுருங்க, ரெண்டு தடவை மேல விழுந்தா கிழிஞ்சிரும். துணி மாதிரி இருக்கிற டேக்ரான் பழசானாலும் தாங்கும். அப்பறம் ஒரு சங்கதி, மேல போகப் போக காத்தே மெலிசு. நுவரெலியா 1,868 மீட்டர், அந்தக் குளிரையும் சேத்துக் கணக்குப் பாத்தா அதே வேகத்துல அடிக்கிற காத்துக்கு கடற்கரையை விட ஆறுல ஒரு பங்குக்குக் கிட்ட தள்ளு கொறவு. அதனால கீழ 4.5 போதும்னு சொல்றவன் பேச்சைக் கேட்டுட்டு இங்க வந்து காத்தே இல்லைன்னு அழக்கூடாது. எனக்கு 5.5தான் பேர் பாதி நாளு.

மாஸ்டும் அதுக்குக் கீழ சொருகுற எக்ஸ்டென்ஷனும் ஒண்ணுக்கொண்ணு பொருந்துதான்னு வாங்குற எடத்துலயே மாட்டிப் பாக்கணும், தடிச்ச மாஸ்ட் ஒரு வகை, மெல்லிசு ஒரு வகை, பேஸ்ல குழி மாதிரி பூட்டுறது ஒண்ணு, பின் மாதிரி பூட்டுறது ஒண்ணு. மாஸ்டுக்குக் கீழ இருக்கிற ரப்பர் ஜாயிண்டை ரெண்டு கையாலயும் மடக்கி அடியில வெடிப்பு இருக்கான்னு பாருங்க, இருந்தா வெலையில கொறைங்க, இல்ல புதுசு போடுங்க, நடுத்தண்ணியில அது அந்துச்சுன்னா செயில் ஒரு பக்கம் நீங்க ஒரு பக்கம். லைஃப் ஜாக்கெட் இல்லாம எறங்காதீங்க, அனுமதி இல்லாத எடத்துல எறங்காதீங்க, அணைக்கட்டுப் பக்கம் தலை வச்சும் படுக்காதீங்க.

இப்ப என் கூட்டாளிக்கு. டேய், நீ அனுப்புன போட்டோவை பெருசு பண்ணிப் பாத்தேன். போர்டு பளபளன்னு இருக்கு, ஆனா டேகர்போர்டு இல்ல, 125 லிட்டர், நீ 80 கிலோ. கயித்தைப் புடிச்சு செயிலைத் தூக்குறதுக்குள்ள போர்டு ஆடி ஆடித் தண்ணியில விழுந்துருவ. கிரகரி வாவியில அன்னம் மாதிரி மிதி படகுல புள்ளகுட்டியோட சுத்துறவங்களுக்கு நடுவுல நீ தத்தளிக்கிறதை நெனச்சாலே எனக்கு வேர்க்குது. அதுவும் எபொக்சி போர்டு, ஸ்க்ரூ இருக்கும், நீ கொண்டு போகப் போறது என்னை விட இன்னும் 700 மீட்டருக்கு மேல ஒசரத்துக்கு. பழைய பிளாஸ்டிக் ஓடு போட்ட கனமான ஸ்கூல் போர்டு ஏதாவது வந்தா எடு, தூக்க இடுப்பு வலிக்கும், ஆனா கல்லுல இடிச்சாலும் பரவால்ல.

என் போர்டைத் தர்றியான்னு கேட்டியே. இவ்வளவு குறை சொல்றவன் சும்மா குடுத்துருவான்னு நெனச்சிருப்ப. நேத்து நாலு மணிக்கு நோர்வுட் பக்கம்லருந்து ஒரு காத்து வந்துச்சு, ஒரே சீரா இருபது நிமிசம், கரைக்குக் கரை ரெண்டு தடவை விழாம போய் வந்தேன், ஒட்டு போட்ட எடத்துல கால வச்சுத்தான் நின்னேன், அசையல. அதனால தர மாட்டேன், கேக்காத.

அந்த செட்டை நீ வாங்காத. ஆனா அந்த ஆள் பூமை மட்டும் தனியா குடுப்பாரான்னு கேட்டுச் சொல்லு, போட்டோவுல பாத்ததுலருந்து எனக்கு அதுமேல ஒரு கண்ணு.