கார்ப் படங்களுக்கு ஒரு போலரைசர்: ஹோயா எச்டி 67 மிமீ

பொழுதுபோக்காகக் கார்களைப் படமெடுப்பவர்களின் படங்களில் முதலில் கண்ணை உறுத்துவது பெரும்பாலும் முன்கண்ணாடிதான். வானத்தின் வெளுப்பு அதன்மேல் படலமாகப் படிந்துவிட, உள்ளே இருக்கையும் ஸ்டீயரிங்கும் மறைந்துபோகும். பானெட்டிலும் அதே வெளுப்பு பரவுவதால் அடர்சிவப்பு வண்டி சாயம் வெளுத்த சிவப்பாகப் பதிவாகும். லைட்ரூம் மென்பொருளில் மங்கலை நீக்கும் டீஹேஸ் அளவை ஏற்றி இதைச் சரிசெய்யப் பலரும் முயல்கிறார்கள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவை கேமராவில் பதிவாகவே இல்லை என்னும்போது மென்பொருள் எதை மீட்டுத் தர முடியும்? கறுப்பு இன்னும் கறுப்பாகும், இரைச்சல் புள்ளிகள் கூடும், அவ்வளவுதான். படமெடுக்கும் நேரத்திலேயே செய்ய வேண்டிய இந்த வேலைக்காக ஹோயா நிறுவனத்தின் எச்டி வகை போலரைசரை, அதாவது புகைப்படக்காரர்கள் சிபிஎல் என்று அழைக்கும் ஃபில்டரை, கேனான் 18-135 மிமீ லென்ஸில் பொருத்திப் பயன்படுத்தி வருகிறேன்.

கண்ணாடி, நீர், பெயின்ட்டின் மேலுள்ள கிளியர்கோட் போன்ற உலோகமல்லாத பரப்புகளில் பட்டுத் திரும்பும் ஒளி, குறிப்பிட்ட கோணத்தில் பெருமளவு தளவிளைவு அடைந்துவிடுகிறது, அதாவது அதன் அதிர்வு ஒரே திசைக்குள் அடங்கிவிடுகிறது. 1808-இல் பாரிஸின் லக்சம்பர்க் மாளிகைச் சன்னல்களில் பிரதிபலித்த மாலை வெயிலை ஒரு கால்சைட் படிகத்தின் வழியே பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் பிரெஞ்சு இயற்பியலாளர் மாலுஸ் இதைக் கண்டறிந்தார். நாம் கார்க் கண்ணாடியில் செய்வதும் கிட்டத்தட்ட அதே சோதனைதான். பரப்புக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து ஏறத்தாழ 56 பாகை சாய்ந்து பார்க்கும்போது விளைவு உச்சத்தை எட்டுகிறது. போலரைசர் ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விட்டு, அதற்குக் குறுக்காக அதிர்வதைத் தடுக்கிறது. ஆகவே ஃபில்டரின் முன்வளையத்தைச் சுழற்றச் சுழற்ற அந்தப் பிரதிபலிப்பு மங்கி, பின்னர் மீண்டும் எழுவதைத் திரையிலேயே காணலாம்.

இந்தக் கோணக் கணக்குதான் ஃபில்டரைப் படத்தின் சட்டக அமைப்போடு பிணைக்கிறது. காரின் பக்கவாட்டுக்கு நேரெதிரே நின்று முழு நீளத்தையும் எடுத்தால், கதவுகளைப் பொறுத்தவரை இந்த ஃபில்டருக்கு வேலையே இல்லை. முன்மூலைப் பக்கம் நகர்ந்து, முகப்பும் பக்கமும் சேர்ந்து தெரியும்படி நின்றால் கதவின் பளபளப்பு கட்டுக்குள் வருகிறது. ஹெட்லைட் உயரத்துக்குக் குனிந்து எடுப்பது வண்டிக்கு மிடுக்கைத் தரும் என்பது எல்லோரும் அறிந்த யோசனை. ஆனால் அந்த உயரத்திலிருந்து பானெட் மிகவும் சரிவாகத் தெரிவதால் அங்கே விளைவு குறைந்துவிடும். முன்கண்ணாடி மட்டும் நமக்குத் துணை நிற்கிறது. இன்றைய கார்களில் அது வெகுவாகச் சாய்ந்திருப்பதால், கண்மட்டத்திலிருந்து பார்த்தாலும், குனிந்து பார்த்தாலும் தேவையான கோணத்துக்கு அருகில் வந்துவிடுகிறது. அம்பாசடர், பிரீமியர் பத்மினி போன்ற பழைய வண்டிகளின் கண்ணாடி அதைவிட நிமிர்ந்து நிற்பதால் அவற்றில் இத்தனை தெளிவை எதிர்பார்க்க வேண்டாம்.

வாங்குபவர்கள் பலர் ஏமாற்றமடையும் இடம் இன்னொன்று உண்டு. பானெட் கிடைமட்டப் பரப்பு, கதவு செங்குத்துப் பரப்பு. இரண்டிலிருந்தும் திரும்பும் ஒளியின் அதிர்வுத் திசைகள் ஒன்றுக்கொன்று குறுக்கானவை. ஆகவே பானெட்டும் முன்கண்ணாடியும் தெளியும்படி வளையத்தைத் திருப்பினால் கதவில் பிரதிபலிப்பு தூக்கலாகும்; கதவுக்காகத் திருப்பினால் கண்ணாடி வெளுக்கும். எவ்வளவு விலை கொடுத்தாலும் எந்த நிறுவனத்தின் போலரைசரும் இந்த இயற்பியலைத் தாண்டிவிட முடியாது. இதற்குத் தீர்வு முக்காலியில்தான் இருக்கிறது. கேமராவை அசைக்காமல், ஒளியளவையும் ஃபோகஸையும் மாற்றாமல், கண்ணாடிக்காக ஒன்றும் கதவுக்காக ஒன்றுமாக இரண்டு படங்களை எடுத்து, போட்டோஷாப்பில் ஒன்றன்மேல் ஒன்றாக லேயர்களாக வைத்து, மேல் லேயருக்கு மாஸ்க் (அதை மறைக்கும் திரை) இட்டு, வேண்டிய பகுதியை மட்டும் மென்மையான பிரஷ்ஷால் வெளிக்கொணர வேண்டும். கார்ப் படத் திருத்தத்தில் நேரம் செலவிடத் தகுதியான வேலை எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். நிறச்செறிவை ஏற்றுவதும் கிளாரிட்டியைக் கூட்டுவதும் கிளியர்கோட்டில் உள்ள துணிக்கீறல்களையும் தூசியையும்தான் முன்னுக்குக் கொண்டுவருகின்றன.

பிரதிபலிப்பு முழுவதையும் அழித்துவிடுவதும் தவறு. காரின் உடல்வடிவத்தை நமக்கு எடுத்துக்காட்டுவதே அதன்மேல் ஓடும் ஒளிக்கோடுகள்தான். ஸ்டூடியோவில் கார்களை எடுப்பவர்கள் வண்டிக்கு மேலே பெரிய ஒளிப்பரப்பைத் தொங்கவிட்டு, தோள்கோட்டின் (சன்னல்களுக்குக் கீழே பக்கவாட்டில் ஓடும் கோட்டின்) வழியே அதன் பிம்பம் அறுபடாமல் ஓடும்படி பாடுபடுகிறார்கள். அந்தக் கோட்டை ஃபில்டரால் துடைத்துவிட்டால் எஞ்சுவது வெட்டிய அட்டைபோன்ற ஒரு நிறத்திட்டுதான். எனவே வளையத்தை உச்ச விளைவு வரை திருப்பிவிட்டு, பிறகு சற்றுப் பின்வாங்கி, தோள்கோடு மீண்டும் உயிர்பெறும் இடத்தில் நிறுத்துவது நல்லது. கதவில் தெரியும் மின்கம்பம், எதிரே நிற்கும் குப்பைத்தொட்டி, குனிந்து நிற்கும் நம்முடைய உருவம் ஆகியவற்றை மறைக்கவும் ஃபில்டரை நம்பக் கூடாது. வண்டியை ஓரடி நகர்த்துவதோ நாம் வேறிடத்தில் நிற்பதோ அதைவிட எளிது.

ஒளியைப் பொறுத்தவரை இந்த ஃபில்டர் தன் பங்குக்கு ஒன்றிலிருந்து ஒன்றரை ஸ்டாப் வரை எடுத்துக்கொள்கிறது என்று கொள்ளலாம் (ஒரு ஸ்டாப் என்பது ஒளி பாதியாகக் குறைவது). மேகமூட்டமான பகலில் அது பொருட்டில்லை. உண்மையில் கார்களுக்கும் போலரைசருக்கும் மிகவும் ஒத்துப்போவது அந்த ஒளிதான். வெயில் நேரடியாக அடிக்கும் நண்பகலில் பானெட்டின் வளைவில் தெறிக்கும் சூரியப்புள்ளியை இது ஓரளவு தணிக்குமே தவிர நீக்காது. சூரியன் மறைந்தபின் வரும் நீலவெளிச்சத்திலோ முக்காலி இல்லாமல் இதை மாட்டுவது வீண். ஓடும் காரைப் பின்தொடர்ந்து கேமராவைத் திருப்பி எடுக்கும்போது மட்டும் இந்த ஒளியிழப்பே வரமாகிறது: பகலிலும் அபர்ச்சரை (லென்ஸின் ஒளித்திறப்பை) மிகக் குறுக்காமல் ஷட்டர் வேகத்தை 1/30 நொடி வரை இறக்க முடிகிறது, சக்கரமும் சாலையும் ஓட்டத்தில் கரைகின்றன.

நிறங்களில் கறுப்பு, சிவப்பு, அடர்நீல வண்டிகளுக்கே பயன் அதிகம். மெட்டாலிக் பெயின்ட்டில் மேற்பரப்பின் வெளுப்பு விலகி, அடியிலுள்ள உலோகத் துகள்களின் மினுமினுப்பு மேலெழுவது பார்க்க அழகானது. வெள்ளை வண்டியில் கண்ணாடிகளைத் தவிர வேறெங்கும் பெரிய மாற்றம் தெரியாது. குரோம் பம்பரிலும் கிரில்லிலும் விளைவே இல்லை, ஏனெனில் உலோகத்தில் பட்டுத் திரும்பும் ஒளி அவ்விதம் தளவிளைவு அடைவதில்லை. டெம்பர் செய்யப்பட்ட பின்கண்ணாடியிலும் பக்கக் கண்ணாடிகளிலும் ஊதாவும் பச்சையுமான திட்டுகள் சில கோணங்களில் தோன்றும். கண்ணாடிக்குள் உறைந்த அழுத்தம் அப்படித் தெரிகிறது. அது ஃபில்டரின் குறையன்று, வளையத்தைச் சிறிது திருப்பினால் அடங்கும். டாஷ்போர்டை எடுக்கும்போது ஃபில்டரைக் கழற்றிவிடுங்கள். எல்சிடி திரையிலிருந்து வருவதே தளவிளைவுற்ற ஒளி என்பதால், குறிப்பிட்ட நிலையில் திரை முழுவதும் கறுத்துப்போகும்.

ஹோயா எச்டியின் கண்ணாடி கடினப்படுத்தப்பட்டது. நீரும் எண்ணெய்ப்பிசுக்கும் ஒட்டாத பூச்சு கொண்டது. விரல்ரேகைகள் மென்துணியில் ஒரே துடைப்பில் போய்விடுகின்றன. விளிம்பு மெல்லியதாகையால் 18 மிமீயிலும் மூலைகள் இருளவில்லை. இதற்கு முன் பயன்படுத்திய, பெயர் குறிப்பிடத் தேவையில்லாத ஒரு மலிவு ஃபில்டர் படம் முழுவதற்கும் மஞ்சள்பச்சைச் சாயலை ஏற்றியது. ரா கோப்பாக (கேமரா பதப்படுத்தாத மூலத்தரவாக) எடுத்திருந்தால் ஒயிட் பேலன்ஸில் அதைத் திருத்தலாம் என்றாலும், வெள்ளிநிற வண்டிகளில் நடுநிலைச் சாம்பலைத் தேடிப்பிடிப்பது சலிப்பூட்டும் வேலை. ஹோயாவில் அந்தத் தொல்லை இல்லை, அதன் விலை மலிவு ஃபில்டரைப் போலப் பல மடங்கு என்றபோதிலும்.

வாங்குவதானால் உங்களிடமுள்ள லென்ஸ்களில் முன்வாயின் விட்டம் மிகப் பெரியது எதுவோ அந்த அளவில் ஒன்றே ஒன்று வாங்கிக்கொண்டு, சிறிய லென்ஸ்களுக்கு ஸ்டெப்-அப் வளையம் (பெரிய ஃபில்டரைச் சிறிய லென்ஸில் பொருத்தும் இணைப்பு வளையம்) போடுவதே சிக்கனம். கேனானின் 50 மிமீ எஃப்1.8 எஸ்டிஎம் லென்ஸுக்கு 49 மிமீயிலிருந்து 67 மிமீக்கு மாற்றும் வளையம் போதும். கார் முகப்பைப் பருத்துக் காட்டாத குவியத்தூரமும் அதுவே. வளையம் போட்டபின் லென்ஸின் சொந்த ஹுட் (வெயில் மறைப்பு) பொருந்தாது, ஆகவே எதிர்வெயிலில் கையால் மறைக்க வேண்டியிருக்கும். ஃபோகஸ் செய்யும்போது முன்பகுதியே சுழலும் பழைய கிட் லென்ஸ் (கேமராவோடு சேர்ந்து வரும் லென்ஸ்) வைத்திருப்பவர்கள் முதலில் ஃபோகஸை முடித்துவிட்டுப் பிறகே வளையத்தைத் திருப்ப வேண்டும். அந்த லென்ஸை மாற்றும் எண்ணம் இருந்தால் ஃபில்டர் வாங்குவதை அதுவரை தள்ளிவைக்கலாம்.