கற்றாழையா, தேங்காய் எண்ணெயா?

வன்னி வெயிலில் பிள்ளைகளின் கழுத்து மடிப்பில் வேர்க்குரு சிவந்து கடித்தால் நான் தேடுவது கற்றாழை. மடலை வெட்டியதும் வடியும் மஞ்சள் பால் தோலை எரிக்கும். அதனால் கொஞ்ச நேரம் நிமிர்த்தி வைத்து, அது வடிந்ததும் கழுவி, தோலைச் சீவி, கண்ணாடிபோல் இருக்கும் சோற்றை மட்டும் பூச வேண்டும். உடனே குளிரும். இதற்கு எண்ணெய் வேண்டாம், வியர்வைத் துவாரம் இன்னும் அடைபடும்.

உலர்ந்து செதில் விடும் தோலென்றால் கதை வேறு. எங்கள் கிணற்றுத் தண்ணீர் கடினநீர். சவர்க்காரம் லேசில் நுரைக்காது, குளித்தபின் தோல் இழுக்கும். ஈரம் காயுமுன் தேங்காய் எண்ணெய் மெல்லிசாகத் தடவினால் இழுவை அடங்கும்.

எதையும் முதலில் முழங்கை மடிப்பில் பூசி ஒரு நாள் பாருங்கள். சீழோ காய்ச்சலோ இருந்தால் மருத்துவரிடம்தான் போக வேண்டும்.