வேனை வீடாக்கித் தருவதாகச் சொன்ன பட்டறையை நம்பி ஏழே நாளில் திரும்பி வந்தோம்

பணி ஓய்வுக்குப் பிறகு ஒரு வேனை வாங்கி, அதற்குள் படுக்கையும் சமையல் மேடையும் அமைத்துக்கொண்டு மாதக்கணக்கில் ஊர் சுற்ற நினைக்கும் தம்பதிகளுக்காக இதை எழுதுகிறேன். நாங்கள் மூன்று மாதப் பயணத்துக்குத் திட்டமிட்டுக் கோவையிலிருந்து கிளம்பினோம். பாலக்காடு வழியாகக் கேரளக் கடற்கரைக்கு இறங்கி, தேசிய நெடுஞ்சாலை 66-ஐப் பிடித்து மங்களூரு, உடுப்பி, கோகர்ணம், கோவா என்று வடக்கே குஜராத் வரை போவதாக எண்ணம். போனதோ உடுப்பி வரைதான். எட்டாம் நாள் காலையில் வண்டி எங்கள் வீட்டு வாசலில் நின்றது. காரணம் வண்டியும் அல்ல, சாலையும் அல்ல. வண்டியை வீடாக மாற்றித் தந்த பட்டறைதான் காரணம். வழக்கு நடக்கவிருப்பதால் அந்தப் பட்டறையின் பெயரை இங்கே எழுதவில்லை.

ஏழாண்டு ஓடிய, சொந்த உபயோகப் பதிவு கொண்ட டிராவலர் வேன் ஒன்றை நாங்களே தனியாக வாங்கியிருந்தோம். அதன் உட்புற மாற்றத்துக்குப் பட்டறை கேட்ட தொகை 6,40,000 ரூபாய். இரண்டு பேர் படுக்கும் கட்டில், பிளைவுட் அலமாரி, 100 லிட்டர் தண்ணீர்த் தொட்டி, கூரையில் சோலார் பேனல், 200 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி, 1500 வாட் இன்வெர்ட்டர், 12 வோல்ட்டில் ஓடும் குளிர்பெட்டி ஆகிய அனைத்தும் அதில் அடக்கம் என்று உரிமையாளர் வாயால் சொன்னார். நாங்கள் கொட்டேஷன் கேட்டோம். வந்த தாளில் "கேம்பர் வேன் உட்புற வேலை, முழுமையாக" என்று ஒரே ஒரு வரி இருந்தது. பேட்டரியின் தயாரிப்பாளர் யார், எத்தனை ஆண்டு உத்தரவாதம், ஒயரின் தடிமன் என்ன என்று எதுவும் அதில் இல்லை. அந்த ஒற்றை வரித் தாளை வாங்கிக்கொண்டு அட்வான்ஸ் கொடுத்த இடத்தில்தான் நாங்கள் ஏமாந்தோம் என்று இன்று தெளிவாகத் தெரிகிறது.

மொத்தத் தொகையில் 5,40,000 ரூபாய் வங்கி வழியாகப் போனது. மீதி ஒரு லட்சத்தை ரொக்கமாகக் கொடுத்தால் வரி மிச்சமாகும் என்றார்கள், கொடுத்தோம். பில் கேட்டபோது "வண்டி எடுக்கும்போது சேர்த்துத் தர்றேன் சார்" என்றார். தரவில்லை. "ஒரு லட்சம் வந்துடுச்சு சார்" என்று அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவை என் கணவர் அழிக்காமல் வைத்திருந்ததால், அந்தப் பணத்துக்கு அது ஒன்றே இன்று சாட்சியாக இருக்கிறது.

முதல் நாள் நன்றாகவே கழிந்தது. முதல் இரவு குருவாயூரில் தங்கினோம். இரண்டாம் நாள் கோழிக்கோட்டுக்குப் போகும் வழியெல்லாம் ஆறுவழிச் சாலைக்கான வேலை நடந்துகொண்டிருந்தது; குண்டும் குழியுமாக வண்டி குலுங்கியது. அன்று இரவு படுக்கையை விரித்தால் மெத்தையின் அடிப்பக்கம் நனைந்திருந்தது. தொட்டியின் வெளிக்குழாய் இணைப்பில் கிளாம்பே போடாமல் வெறும் பசையால் ஒட்டியிருந்தார்கள். இரும்புக்கடையில் வாங்கிய கிளாம்பால் அதை நாங்களே சரிசெய்தோம். தொட்டி நிறைய 60 லிட்டர்தான் பிடிக்கிறது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. அதையும் பொறுத்துக்கொண்டோம்.

பொறுக்க முடியாதது மூன்றாம் நாள் இரவு நடந்தது. கண்ணூர் அருகே முழப்பிலங்காட்டில் வாகனங்கள் மணலிலேயே ஓடக்கூடிய கடற்கரை இருக்கிறது. அங்கே மாலை முழுவதும் இருந்துவிட்டு, அருகில் அனுமதி பெற்ற ஓர் இடத்தில் வண்டியை நிறுத்திப் படுத்தோம். என் கணவர் இன்சுலின் போட்டுக்கொள்பவர். இரண்டு மாதத்துக்கு வேண்டிய இன்சுலின் பேனாக்கள் குளிர்பெட்டியில் இருந்தன. பிரிக்காத பேனாக்களை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைத்திருக்க வேண்டும். விடிகாலையில் தண்ணீர் எடுக்கக் குளிர்பெட்டியைத் திறந்தேன். உள்ளே விளக்கு எரியவில்லை. பேனாக்கள் இருந்த டப்பாவைத் தொட்டால் கைச்சூட்டோடு இருந்தது. குளிர்பெட்டி எப்போது நின்றது என்று தெரியாததால் அந்த மருந்தை நம்பிப் போட முடியவில்லை. கண்ணூரில் மருத்துவரைப் பார்த்துப் புதிதாக வாங்கி, தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் பைகளுக்கு இடையே வைத்துக்கொண்டு மீதி வழியைக் கடந்தோம்.

பட்டறைக்குத் தொலைபேசியில் பேசினோம். "முதல் நாலஞ்சு நாள் அப்படித்தான் இருக்கும், பேட்டரி செட் ஆகணும்" என்றார். லித்தியம் பேட்டரிக்கு அப்படி எந்தப் பழகு காலமும் கிடையாது என்பதைப் பின்னால்தான் தெரிந்துகொண்டோம். அடுத்த நாள் பேக்கலில் பகல் முழுவதும் நல்ல வெயில். மதியம் 700 வாட் ரைஸ் குக்கரில் சோறு வைத்தேன். கால் மணி நேரத்தில் கட்டிலுக்கு அடியிலிருந்து பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது. குக்கரை நிறுத்திவிட்டுப் பலகையைத் தூக்கிப் பார்த்தால், பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டருக்குப் போகும் சிவப்பு ஒயரின் மேலுறை மெழுகுபோல இளகி, பக்கத்துப் பிளைவுட்டில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு கையளவு தள்ளி சமையல் எரிவாயுக் குழாய் போகிறது. அந்தக் கட்டிலின் மேல்தான் நான்கு இரவுகள் தூங்கியிருக்கிறோம். என் கணவர் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். பட்டறையைத் தேர்ந்தெடுத்தவர் அவர் என்பதால், அடுத்த இரண்டு நாட்கள் ஒவ்வொரு அரை மணி நேரத்துக்கும் என்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வண்டி ஓட்டினார். ஏமாற்றியவர் எங்கோ நிம்மதியாக இருக்க, ஏமாந்த மனிதர் குற்றவாளிபோலக் குறுகிப்போவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதுதான் எனக்கு அந்த வாரத்திலேயே மிகவும் வலித்தது.

கர்நாடகத்துக்குள் நுழையும் முன் வாகனச் சோதனை ஒன்று நடந்தது. அதிகாரி வண்டியின் பதிவுச் சான்றான ஆர்.சி.யைப் பார்த்தார், உள்ளே எட்டிப் பார்த்தார். ஆர்.சி.யில் ஒன்பது இருக்கைகள். வண்டியில் இருப்பதோ முன்னிருக்கைகளும் ஒரு கட்டிலும். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் மாறும்படி வண்டியில் மாற்றம் செய்யப் பதிவு அதிகாரியின் ஒப்புதல் வேண்டும். மீறினால், 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் மாற்றி எழுதப்பட்ட 182ஏ பிரிவின் கீழ் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் விதிக்கலாம். ஆறு மாதம் வரை சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. அந்தப் பொறுப்பு பட்டறைக்காரர் மேல் அல்ல, உரிமையாளரான எங்கள் மேல் விழுகிறது. "ஆர்.டி.ஓ. வேலை எல்லாம் நாங்க பார்த்துக்கறோம்" என்று பட்டறையில் சொன்னதை நம்பியிருந்தோம். விண்ணப்பமே கொடுக்கவில்லை. அதிகாரி மரியாதையாகவே பேசினார், 5,000 ரூபாய்க்குச் சலான் எழுதினார். இதே நிலையில் விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்க வழியிருக்கிறது என்பதையும் எடுத்துச் சொன்னார். அவர் சொன்னதில் தவறே இல்லை. வாகனப் பதிவு விவரங்களைக் காட்டும் எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்திருந்தாலே உண்மை எங்களுக்குக் கிளம்பும் முன்பே தெரிந்திருக்கும்.

ஆறாம் நாள் உடுப்பியை அடைந்தோம். பக்கத்தில் மல்பே மீன்பிடித் துறைமுகம். அங்கே படகுகளுக்கு பேட்டரி வேலையும் ஒயரிங்கும் செய்யும் ஒருவரிடம் வண்டியைக் காட்டினோம். அவர் முதலில் பேட்டரியைத் தம் ஷெட்டில் முழுவதுமாகச் சார்ஜ் செய்தார். பிறகு இன்வெர்ட்டரில் 100 வாட் குண்டு பல்புகள் இரண்டை மாட்டி, மாலை ஏழு மணிக்குப் போட்டுவிட்டு எங்களையே நேரம் குறிக்கச் சொன்னார். கணக்கு எளிமையானது. 12.8 வோல்ட்டில் 200 ஆம்பியர்-மணி என்றால் 2,560 வாட்-மணி. இன்வெர்ட்டரில் வீணாவதைக் கழித்தாலும் அந்த இரண்டு பல்புகளும் பதினோரு மணி நேரமாவது எரிய வேண்டும். எங்களுடையது இரவு 11.20-க்கு அணைந்தது. நான்கு மணி இருபது நிமிடம். அதாவது 200-க்குப் பணம் வாங்கிக்கொண்டு 80 ஆம்பியர்-மணிகூட இல்லாத ஒன்றை வைத்திருக்கிறார்கள்.

மறுநாள் காலை எங்கள் முன்னாலேயே பெட்டியைத் திறந்தார். திறப்பதற்கு முன்னும் பின்னும் வீடியோ எடுக்கச் சொன்னதும் அவர்தான். உள்ளே நான்கு செல்கள். மூன்று ஒரே நீலம், நான்காவது வேறு நிறம், உயரத்திலும் சற்றுக் குறைவு. ஒவ்வொரு செல்லின் தலையிலும் தயாரிப்பு விவரம் அடங்கிய கியூஆர் குறி இருக்க வேண்டும். நான்கிலும் அதை எதையோ வைத்துச் சுரண்டியிருந்தார்கள். சுரண்டிய தடத்தை விரலால் தடவிப் பார்த்தேன், சொரசொரவென்று இருந்தது. மீட்டரை வைத்தபோது மூன்று செல்கள் 3.2 வோல்ட்டை ஒட்டிக் காட்டின, அந்த நான்காவது மட்டும் 2.6-இல் நின்றது. வேறு எதிலிருந்தோ கழற்றிய பழைய செல்களைச் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள் என்றும், பலவீனமான ஒரு செல் முதலில் தீர்ந்துபோனதும் பாதுகாப்புச் சுற்று மொத்த பேட்டரியையும் துண்டித்துவிடுகிறது என்றும் அவர் விளக்கினார். ஒயர் 6 சதுர மில்லிமீட்டர். 1500 வாட் இன்வெர்ட்டருக்குக் குறைந்தது 35 இருக்க வேண்டுமாம். இடையில் ஃபியூஸ் என்ற பேச்சே இல்லை. "கடவுள் காப்பாத்தினார் அம்மா" என்று தமக்குத் தெரிந்த தமிழில் சொன்னார். சோதனைக்குப் பணம் வாங்க மறுத்தவர், நாங்கள் கேட்டதற்கிணங்கத் தம் லெட்டர்பேடில் கண்டதை எல்லாம் அளவுகளோடு எழுதிக் கையெழுத்திட்டும் கொடுத்தார். அந்த மனிதருக்கு நாங்கள் பட்டிருக்கும் கடன் பெரிது. அன்று மாலையே இன்வெர்ட்டர் இணைப்பைக் கழற்றிவிட்டுத் திரும்பிவிட்டோம்.

வீட்டுக்கு வந்தபின் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்தோம், தமிழிலேயே பேசினார்கள். பட்டறை அவர்களுக்கும் பதில் தரவில்லை. இப்போது வழக்கறிஞர் மூலம் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறோம். பட்டறை வேறு மாவட்டத்தில் இருந்தாலும், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி நாம் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை, எங்களுக்கும் தெரியாது. கொடுத்த தொகை 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் 200 ரூபாய்தான். இரண்டு ஆண்டுகளுக்குள் தொடர வேண்டும்.

இப்படி ஒரு வேலையை நீங்கள் கொடுப்பதாக இருந்தால், பல்புகளை வைத்து நாங்கள் மல்பேயில் செய்த சோதனையைப் பட்டறையிலேயே, பாக்கித் தொகை உங்கள் கையில் இருக்கும்போதே, ஓர் இரவு தங்கிச் செய்யுங்கள். சம்மதிக்காத பட்டறையிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். ஆர்.சி. மாற்றத்துக்கான ஒப்புதலைக் கண்ணால் பார்க்காமல் உள்ளே ஓர் இருக்கையைக்கூடக் கழற்ற விடாதீர்கள்.

நோட்டீஸ் போனபிறகு பட்டறைக்காரர் ஒருமுறை அழைத்தார். பழைய பேட்டரியைக் கூரியரில் அனுப்பினால் புதிதாக மாற்றித் தருவதாகக் குரலில் அத்தனை கனிவோடு சொன்னார். என் கணவர் ஒரு கணம் தயங்கினார். நான் வேண்டாம் என்றேன். சுரண்டிய அந்த நான்கு செல்களையும் அட்டைப் பெட்டியில் வைத்து, மேலே தேதி எழுதி ஒட்டி, வெயிலும் ஈரமும் படாத இடத்தில் வைத்திருக்கிறோம். ஆணையத்தின் முன் காட்டும்வரை அது வீட்டைவிட்டு வெளியே போகாது.