ஒரே சாக்கா, நாலு பையா?

கேரளத்தில், பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் தெருவுக்கு, வீடு வீடாகக் குப்பை சேகரிக்கும் ஹரித கர்ம சேனைப் பெண்கள் மாதம் ஒரு முறை வருகிறார்கள். சுவரில் ஒட்டியிருக்கும் கியூஆர் கோடை ஸ்கேன் செய்து, 50 ரூபாய் வாங்கிக்கொண்டு, காய்ந்த குப்பையை எடுத்துப் போவார்கள். அதுவரை வீட்டில் எப்படிச் சேர்த்து வைப்பது என்பதில்தான் தெரு இரண்டு கட்சி. எல்லாவற்றையும் ஒரே சாக்கில் போடுகிறவர்கள் ஒரு பக்கம். பால் கவர், கெட்டிப் பிளாஸ்டிக், காகிதம், தகரம் என்று நாலு பை மாட்டி வைக்கிறவர்கள் மறுபக்கம். கொல்லையில் தீ வைக்கிற மூன்றாவது கட்சியும் உண்டு. அது குற்றம், அபராதமும் உண்டு. அந்தப் புகையை முதலில் குடிப்பது அவர்கள் வீட்டுப் பிள்ளைகள்தான். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

இரண்டையும் செய்து பார்த்துவிட்டு நான் சாக்குக் கட்சியில் சேர்ந்துவிட்டேன்.

நாலு பை பார்க்க லட்சணமாக இருக்கும், பிள்ளைகளும் உற்சாகமாகப் போடுவார்கள். ஆனால் சேகரிப்பு மையத்தில் அந்தப் பெண்கள் எப்படியும் மேசையில் கொட்டி மறுபடி பிரிக்கத்தான் செய்கிறார்கள். அவர்கள் கணக்கு வேறு. தண்ணீர் பாட்டில் 1-ஆம் எண், ஷாம்பு பாட்டில் பெரும்பாலும் 2, தயிர் டப்பா பெரும்பாலும் 5. அடியில் முக்கோணத்துக்குள் அச்சிட்டிருப்பார்கள். மூன்றையும் ‘கெட்டி’ என்று நாம் ஒரே பையில் போட்டுவிட்டுப் பிரித்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். எத்தனை பை என்பது பெரிய விஷயமே இல்லை.

பெரிய விஷயம் ஈரம்.

கழுவாத ஒரு தயிர் கவர் போதும். வாரம் திரும்புவதற்குள் எறும்பு, அடுத்து எலி, பிறகு சாக்கைத் திறக்க முடியாத நாற்றம். பக்கத்தில் கிடக்கும் காகிதம் நனைந்து பூஞ்சை பிடித்தால் அதை யாரும் எடைக்கு வாங்க மாட்டார்கள். நல்ல பால் கவரும் அழுக்கோடு போனால் மறுசுழற்சிக்கு ஆகாத குவியலில்தான் சேரும். அந்தக் குவியல் சிமென்ட் ஆலைச் சூளைக்கு எரிபொருளாகப் போகிறது. சிப்ஸ் பாக்கெட்டும் ஷாம்பு சாஷேயும் எவ்வளவு கழுவினாலும் அங்கேதான். பிளாஸ்டிக்கும் அலுமினியமும் அடுக்கடுக்காக ஒட்டியிருப்பதை யாராலும் லாபமாகப் பிரிக்க முடியாது. பால் கவரை அந்த வழிக்கு அனுப்புவதுதான் வயிற்றெரிச்சல். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் தாரோடு கலந்து ரோடு போட்டுக் காட்டியது இந்த மாதிரிக் கவர்களைத்தானே.

சரி, கழுவத் தண்ணீர்? ஆளியாறு அணையில் எப்போது தண்ணீர் திறப்பார்கள் என்று காத்திருக்கிற ஊரில் குப்பைக்குத் தண்ணீர் செலவழிப்பதா என்று மாமியார் கேட்டது நியாயமான கேள்வி. அதனால் நல்ல தண்ணீர் எடுப்பதில்லை. பாத்திரம் அலசிய கடைசித் தண்ணீரிலேயே கவரையும் ஒரு முக்கு. கவரின் மூலையைத் தனியாக வெட்டி எறியாமல் லேசாகக் கீறிப் பாலை ஊற்ற வேண்டும். வெட்டினால் அந்தச் சின்னத் துண்டு யார் கையிலும் சிக்காது, நேரே சாக்கடைக்குப் போகும். பிறகு முழுசாகக் கிழித்து விரித்துக் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டால் போதும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று சீக்கிரம் உலர்த்திக் கொடுத்துவிடும். ஆடி மாதம் கிளிப் போட மறந்தால் கவரை அடுத்த தோட்டத்தில் தேட வேண்டியதுதான்.

பேப்பர், அட்டை, தகரம் மட்டும் என் சாக்குக்குள் போவதில்லை. அதைப் பழைய சாமான் எடைக்கு வாங்கும் ஆக்கிரிக்காரருக்குப் போடுகிறேன், நாலு காசு வரும். பாட்டிலையும் அவருக்கே விற்கலாம், வாங்கிக்கொள்வார். ஆனால் விலைபோவதை எல்லாம் விற்றுவிட்டு மிக்சர் பாக்கெட்டை மட்டும் சேனைக்குக் கட்டிக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. தரம் பிரித்த பிளாஸ்டிக்கை அரசின் கிளீன் கேரளா கம்பெனிக்குக் கொடுத்தால் அந்தப் பெண்களுக்கும் வருமானம் உண்டு.

பொள்ளாச்சிப் பக்கம் கிராமத்தில் இருக்கும் என் தங்கை, கொடியில் பால் கவர் காய்வதைப் பார்த்துச் சிரிக்கிறாள். "ஏக்கா, அதையும் துவைச்சுப் போட்டிருக்கியா?" அவள் ஊரில் தூய்மைக் காவலர் வண்டி அடிக்கடி வரும்; மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று இரண்டு கூடையோடு முடிந்தது. வீட்டில் தங்காத குப்பைக்கு ஈரம் ஒரு பிரச்சினையே இல்லை. வசதி என்று பார்த்தால் அவள் முறைதான் மேல். அங்கே எடுத்துப் போனது பிறகு எங்கே சேர்கிறது என்பதை நான் பார்த்ததில்லை, அதனால் அதற்கு மேல் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

என் முறை ஓடுவதற்குத் திறந்த கொல்லையும் காற்றும் காரணம். பாலக்காடு டவுனில் ஃபிளாட்டில் இருப்பவர்கள் இவ்வளவு கவரை எங்கே உலர்த்துவார்களோ, காகிதமாவது நனையாமல் தப்பும் என்பதால் அவர்களுக்கு நாலு பையே தோதாக இருக்கலாம். ஐப்பசி அடைமழையில் நானும் அடுப்படியில் கயிறு கட்டித்தான் சமாளிக்கிறேன், அது அவ்வளவு சரிப்படவில்லை.

எந்தக் கட்சியானாலும் உடைந்த கண்ணாடி, பல்பு, ஊசி, பிளேடு சாக்குக்குள் கூடாது. சேனைப் பெண்கள் சாக்கைக் கொட்டிக் கையால்தான் பிரிக்கிறார்கள். கண்ணாடி, செருப்பு, துணி எந்த மாதம் எடுப்போம் என்று பஞ்சாயத்தில் தனியாகச் சொல்வார்கள். அதுவரை அட்டைப்பெட்டியில் வைத்து மேலே எழுதி ஒட்டிவிடுங்கள்.