திருவிழாத் திரைக்கு 40 மீட்டர்: எந்த வயரை நம்புவது?

இலங்கை மலைநாட்டில், ஹட்டனுக்கும் பொகவந்தலாவைக்கும் நடுவில் ஒரு தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயில். கேமரா மேலே கோயில் வாசலில், எல்ஈடி திரை கீழே மைதானத்தில். இடையில் 40 மீட்டர், அதில் பாதி படிக்கட்டு. தீமிதிக்கு அரை மணி நேரம் இருக்கும்போது திரையெங்கும் வெள்ளைப் புள்ளிகள் மினுங்க ஆரம்பித்தன. பக்கத்தில் நின்ற பெரியவர் கேட்டார்: "என்ன தம்பி, பனி பொட்டிக்குள்ளயும் வந்துருச்சா?"

அன்று கையில் இருந்தது வாடகைக்கு எடுத்த 20 மீட்டர் எச்டிஎம்ஐ கேபிள் (டிவி, லேப்டாப்பில் படத்துக்கு மாட்டும் வழக்கமான வயர்) இரண்டு, நடுவில் சிக்னலைத் தூக்கிவிட ஒரு பூஸ்டர். கேமரா மெனுவில் நொடிக்கு 60 பிரேமை 30 ஆக்கினேன். புள்ளிகள் மறைந்தன. தீமிதி ஒழுங்காக ஓடியது. ஆனால் அடுத்த வருடமும் இதே கூத்தா என்ற யோசனையில்தான் மற்ற வழிகளை ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினேன்.

பிரேமைக் குறைத்ததும் ஏன் சரியானது? எச்டிஎம்ஐ கேபிளுக்குள் படம் மூன்று ஜோடிக் கம்பிகளில் போகிறது. 1080பி 60 பிரேம் என்றால் ஒவ்வொரு ஜோடியிலும் நொடிக்கு 1.485 ஜிகாபிட் (ஒரு ஜிகாபிட் என்றால் நூறு கோடி பிட்). 30 பிரேமில் அதில் பாதி. 4கே 60 என்றால் 5.94 ஜிகாபிட். வேகம் கூடக்கூட செம்பு சிக்னலை அதிகமாக விழுங்கும். மின்னோட்டம் கம்பியின் மேல்தோலில் மட்டும் ஓடும், உறைப் பிளாஸ்டிக்கும் தன் பங்குக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். கடைசியில் ஒன்றா பூச்சியமா என்று திரைக்கே குழப்பம். இந்த வேகங்களில் எச்டிஎம்ஐ படத்தரவுக்குப் பிழை திருத்தும் ஏற்பாடு கிடையாது, அதனால் தப்பான பிட் அப்படியே புள்ளியாக விழுகிறது. ஆகவே கடையில் "இது எத்தனை மீட்டர்?" என்று மட்டும் கேட்டால் போதாது. எத்தனை ஜிகாபிட்டில் எத்தனை மீட்டர் என்று கேட்க வேண்டும்.

எல்லாக் கோளாறும் வயர் பலவீனத்தால் வருவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். புள்ளி, கோடு, அவ்வப்போது ஒரு கணம் கறுப்பாகி மீள்வது, இதெல்லாம் பெரும்பாலும் வயர். வேகத்தைக் குறைத்தால் குணமாகும். படமே வரவில்லை, அல்லது என்ன செய்தாலும் குறைந்த ரெசொல்யூஷன்தான் வருகிறது என்றால், திரையும் கேமராவும் தங்களை அறிமுகப்படுத்திக்கொள்ளும் ஈடிஐடி பேச்சு பெரும்பாலும் எங்கோ அறுந்திருக்கும். அது மெல்லிய வேறு கம்பிகளில் நடக்கும் சமாசாரம். திரைக்குப் பக்கத்திலேயே 1 மீட்டர் கேபிளில் லேப்டாப்பை மாட்டிப் பார்த்தால் குற்றவாளி யாரென்று இரண்டு நிமிடத்தில் தெரியும். அதைச் செய்யாமல் புது கேபிள் வாங்கி ஏமாந்தவர்களில் நானும் ஒருவன்.

சரி, போட்டியாளர்களுக்கு வருவோம். சாதாரணச் செம்பு எச்டிஎம்ஐயை முதலிலேயே தள்ளிவைக்கலாம். 4கே 60க்கு ஐந்தாறு மீட்டர், 1080பிக்கு தடிமனான கம்பியென்றால் 15 மீட்டர் வரை. அதற்கு மேல் போவது துணிச்சல். பூட்டில்லாத அந்த முனையை யாராவது உரசிப் போனாலே கழன்றுவிடும்.

ஆப்டிக்கல் எச்டிஎம்ஐ பார்க்க மாயம்போல் இருக்கும். முனைக்குள்ளேயே சின்ன லேசர், நடுவில் கண்ணாடி இழை. 50 மீட்டரில் 4கே 60 சுத்தமாக வரும். கேபிளும் மெல்லியது, தோளில் மாட்டிக்கொண்டு ஏறலாம். ஆனால் இதற்குத் திசை உண்டு. எந்த முனை கேமராவுக்கு, எது திரைக்கு என்று பார்க்காமல் இழுத்துவிட்டால் 40 மீட்டரையும் சுருட்டித் திரும்ப இழுக்க வேண்டும், அதுவும் மழையில். படிக்கட்டின் விளிம்பில் ஒருவர் மிதித்தால் இழை உடையும். உடைந்தால் ஒட்ட முடியாது, குப்பைதான். இதற்கு மின்னல் பயமே இல்லை என்பார்கள், அதுவும் அரைகுறை உண்மை. பல ஆப்டிக்கல் கேபிள்களில் 5 வோல்ட்டுக்கும் ஈடிஐடிக்கும் செம்புக் கம்பி கூடவே போகிறது. முழுக்க முழுக்க இழையால் ஆனதுதான் இரண்டு பக்கத்தையும் மின்சாரத்தில் பிரித்துவைக்கும்.

எச்டிபேஸ்டி என்பது எச்டிஎம்ஐ படத்தை நெட்வொர்க் வயரில் அனுப்பும் பெட்டி ஜோடி. கேட் 6 ரக நெட்வொர்க் கேபிளில் 100 மீட்டர் போகும். ஒரு முனைக்குக் கரண்ட் கொடுத்தால் மறுமுனைக்கும் அதே வயரில் கரண்ட் அனுப்பும் பெட்டிகளும் உண்டு. பாடசாலை மண்டபம், கலாசார மண்டபம் மாதிரி ஒரே இடத்தில் நிரந்தரமாகப் பொருத்த இதைவிட நல்லது எனக்குத் தெரியாது. ஆனால் அதே உருவத்தில் மலிவான எக்ஸ்டெண்டர்கள் கிடைக்கின்றன. அவை எச்டிபேஸ்டியே இல்லை, பெட்டியில் எழுதிய 60 மீட்டரை நம்ப வேண்டாம். கேட் 6 என்று விற்பதில் செம்பு பூசிய அலுமினியமும் கலந்திருக்கும். கத்தியால் கம்பியைச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் விட்டுவிடுங்கள். லைட் வயரோடு சேர்த்து டேப் சுற்றி இழுத்தாலும் படம் நடுங்கும்.

எனக்கு வாய்த்தது எஸ்டிஐ, டிவி நிலையங்களில் கேமராவுக்குப் போடும் வீடியோ இணைப்பு. டிஷ் அன்டெனா வயர் மாதிரியே 75 ஓம் கோஆக்ஸ், முனையில் திருகிப் பூட்டும் பிஎன்சி. 1080பி 60க்கு 2.97 ஜிகாபிட் ஒரே கம்பியில் போகிறது, ஆனாலும் ஆர்ஜி 6 என்ற ரகத்து நல்ல கோஆக்ஸில் 60, 70 மீட்டர் எனக்குத் தொந்தரவில்லாமல் ஓடியிருக்கிறது. சிக்னலைப் பெறும் பக்கத்தில் உள்ள சிப், வயர் தின்றதைக் கணக்குப் பார்த்து ஈடுசெய்துகொள்வதால்தான் இந்தத் தூரம். ஆனால் எல்லைக்கு அருகே போனால் எச்சரிக்கையே இருக்காது. சில மீட்டர் வித்தியாசத்தில் அருமையான படம் கறுப்புத் திரையாகிவிடும். எல்லையிலிருந்து தள்ளியே நில்லுங்கள். கேமராவிலும் திரையிலும் எச்டிஎம்ஐ மட்டும்தான் என்றால் இரண்டு முனைக்கும் கன்வர்ட்டர் வேண்டும், அவற்றுக்குக் கரண்ட் வேண்டும். காப்புரிமைப் பூட்டு போட்ட சினிமாவும் அதில் போகாது. திருவிழாவுக்கு அது தேவையில்லை.

பெரியவர் சொன்ன பனி நினைவிருக்கிறதா? இரவெல்லாம் வெளியில் கிடந்த பிஎன்சி முனைக்குள் ஈரம் இறங்கினால் உள்ளே இருக்கும் நுரைப் பிளாஸ்டிக் நனைந்து சிக்னலைத் தின்னும். முனையை மாட்டியதும் ரப்பர் டேப் சுற்றுகிறேன். அவருக்கு அரை மார்க் கொடுக்கலாம்.

எஸ்டிஐக்குப் பாதகமான ஒன்றும் உண்டு. கோயிலில் கேமரா மெயின் கரண்டில், மைதானத்தில் திரை ஜெனரேட்டரில் என்றால் இரண்டு எர்த்துக்கும் வோல்ட் வித்தியாசம் இருக்கும். அது கோஆக்ஸின் வெளிப்பின்னல் வழியாக ஓடி, சில நேரம் போர்ட்டையே சுட்டுவிடும். பிளக்கின் எர்த்தைத் துண்டித்து இதற்கு வைத்தியம் பார்ப்பவர்களைக் கண்டிருக்கிறேன், ஆளைக் கொல்லும் வேலை அது. நான் கேமராவுக்கும் ஜெனரேட்டரிலிருந்தே பிளக் வயர் இழுக்கிறேன். அது முடியாத இடத்துக்கு எஸ்டிஐயை இழையாக்கும் கன்வர்ட்டர் ஒரு ஜோடி பையில் இருக்கிறது. ஏப்ரல் மாத மத்தியானத்தில் இடி கேட்டால் இரண்டு முனையையும் கழற்றிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விடுவேன்.

விலை பார்த்தால் கன்வர்ட்டரோடு எஸ்டிஐ மலிவில்லை. ஆனால் போன மாசியில் ஒரு பைக் கேபிள் மேல் ஏறிவிட்டது. நசுங்கிய அரை மீட்டரை வெட்டி எறிந்து, அங்கேயே புது பிஎன்சி கிரிம்ப் பண்ணினேன். பத்து நிமிடம். ஆப்டிக்கல் எச்டிஎம்ஐ என்றால் கொழும்புக்குப் பஸ் ஏறியிருக்க வேண்டும்.